உளிக்கு ஒரு சேர்க்கைப் படிவம்

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 'நொண்டி வீரப்பன் தொட்டி' என்று ஊரார் சொல்லும் பாறை ஒன்று இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் யாரையும் அங்கே கூட்டிப்போவதில்லை. அந்தப் பாறையில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கொல்லன் ஸேமகன் என்று போகிறது அந்த வரிசை. தருமராஜ ரதத்தின் மேலே ராஜாவின் பட்டப்பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அந்த ரதத்தைச் செதுக்கிய காலத்து வேலைக்காரர்களின் பெயர்களோ ஊருக்கு வெளியே ஒரு பாறையோடு சரி.

அதில் ஒரு கொல்லரும் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கருங்கல்லில் சிறிது நேரம் அடித்தாலே உளி மழுங்கிவிடும். அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, பதம் பார்த்துத் தண்ணீரில் தோய்த்துத் தர ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். தோய்ப்பது கொஞ்சம் கூடினால் முனை உடைந்துபோகும், குறைந்தால் மடங்கிப்போகும். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே தச்சனோடு சேர்த்துக் கொல்லன் பெயரையும் வெட்டி வைத்தவர்களுக்குத் தொழில் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

ஐந்து ரதம் சாலையில் இன்று நடந்தால் இரண்டு பக்கமும் பட்டறைகள். கட்டிங் மெஷின் இரைச்சல், அதற்கு நடுவே உளிச் சத்தம், வாசலில் முடிந்தும் முடியாமலும் நிற்கும் பிள்ளையார்கள், புத்தர்கள், நந்திகள். "பல்லவர் காலத்திலிருந்து வாழையடி வாழையாக வருகிறது சார்" என்று வழிகாட்டிகள் சொல்வது காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் இன்றைய கல் தொழிலுக்கு வயது எழுபதைக்கூட எட்டவில்லை. அதன் பிறந்த ஆண்டு 1957. பெற்றெடுத்தது ராஜவம்சம் அல்ல, ஒரு அரசாங்க உத்தரவு.

அந்த ஆண்டில்தான் மாமல்லபுரத்தில் கோயில் கட்டடக் கலைக்கும் சிற்பத்துக்கும் ஒரு பயிற்சி மையத்தைத் தமிழக அரசு தொடங்கியது. இன்றைய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். முதல் தலைவராக வந்தவர் பிள்ளையார்பட்டி வைத்தியநாத ஸ்தபதி. கடற்கரை ஊருக்குச் சிற்பம் சொல்லிக்கொடுக்கச் செட்டிநாட்டுச் சீமையிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. பல்லவர் விட்ட இடத்தில் தொழில் தொடர்ந்திருந்தால் அதற்கு என்ன அவசியம்? படித்து வெளியே வந்தவர்கள் ஊரிலேயே பட்டறை போட்டார்கள். அந்தப் பட்டறைகளில் உதவிக்கு நின்றவர்கள் தொழில் கற்றுத் தனிப்பட்டறை போட்டார்கள். இப்படித்தான் தெரு நிறைந்தது. 2015-இல் உலகக் கைவினைக் கழகம் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரமாக அறிவித்தது. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரு பள்ளிக்கூடம்.

அந்த 1957-க்கு நான்கு வருடம் பின்னால் போக வேண்டும். 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். 'குலக்கல்வி' என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும். காங்கிரஸுக்குள்ளேயே புகைச்சல். 1954-இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது. அடுத்த மூன்றாவது வருடம், அதே காமராஜர் ஆட்சியில், அதுவரை ஒரு சமூகத்தின் வீட்டுக்குள் இருந்த தொழிலைக் கற்றுத்தர அரசு ஒரு நிலையம் திறக்கிறது. அப்பா உளி பிடித்தவரா என்று அங்கே கேட்கமாட்டார்கள். மதிப்பெண் பட்டியலைத்தான் கேட்பார்கள். குலக்கல்விக்குப் பதிலடியாகத் திட்டமிட்டுத் திறந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கைத்தொழிலைக் கைவிடாமல் குலத்தை மட்டும் கழற்றிவிடுவது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கைத்தொழிலில் நல்ல வாழ்க்கை அமையுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் உழைப்பு, பொறுமை, ஆர்வம் என்று பதில் சொல்வார்கள். இவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் உழைப்பும் பொறுமையும் நிறைய இருந்தும் நொடித்துப்போன தொழில்கள் தமிழ்நாட்டில் எத்தனை? மாமல்லபுரம் பிழைத்ததற்குக் காரணம், தொழிலுக்கு ஒரு வாசல் திறந்ததும், அந்த வாசலில் யாரும் நுழையலாம் என்று ஆனதும், உள்ளே போனவர் கையில் ஒரு சான்றிதழோடு வெளியே வந்ததும்தான்.

கல் பேசும் கணக்கு

கல் தேர்வதிலிருந்தே படிப்பு தொடங்கிவிடுகிறது. சுத்தியால் தட்டிக் கேட்பார்கள். வெண்கல மணிபோல நின்று ஒலிப்பது ஆண் கல், அதில் ஆண் தெய்வம். ஓசை மென்மையாக வந்தால் பெண் கல், அதில் அம்மன். இரண்டிலும் சேராதது பீடத்துக்கும் அடித்தளத்துக்கும் போகும். சாஸ்திரம் இப்படிச் சொல்கிறது. அனுபவக்காரர்கள் அதையே வேறு மாதிரி சொல்வார்கள்: சத்தம் சரியில்லாத கல்லுக்குள் விரிசல் இருக்கும், மூன்று மாதம் செதுக்கிய பிறகு கை உடையும்.

அடுத்தது அளவு. முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு அங்குலம். இது இஞ்சு டேப்பில் உள்ள அங்குலம் அல்ல, அந்தச் சிலைக்குள்ளேயே பிறக்கிற அங்குலம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், மொத்தம் 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தச தாலம், 120. சிலை அரை அடியோ இருபது அடியோ, விகிதம் மாறாது. காவியில் நடுக்கோடு போட்டு, குறுக்குக் கோடுகள் இழுத்து, நெற்றிக்கு இத்தனை, மூக்குக்கு இத்தனை, தாடைக்கு இத்தனை என்று கல்லின் மேல் கணக்கு எழுதப்படும். உளி அதற்கப்புறம்தான்.

ஒரு முகம் வருவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் சிற்பி கனமான சுத்தியும் தடித்த உளியுமாக வேண்டாத கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறார். கண், வாய் எல்லாம் வெறும் மேடு பள்ளம். மூக்குக்கு மட்டும் தேவைக்கு அதிகமாகவே கல்லை விட்டுவைக்கிறார், கடைசி வரை. மூக்கு நுனி ஒரு சில்லு போனால் முகத்தையே உள்ளே தள்ளி மறுபடி வெட்டவேண்டும், எல்லா அளவும் மாறும். மரத்தில் பட்டி வைக்கலாம், சுதையில் பூசலாம், உலோகத்தில் உருக்கி ஊற்றலாம். கல்லில் எடுத்தது எடுத்ததுதான். உளி சிறுக்கச் சிறுக்கச் சத்தமும் மாறுகிறது. டங் டங்கென்று இருந்தது டிக் டிக்கென்று ஆகிறது. கன்னத்துக்கு வரும்போது அவர் அடிப்பதுகூட இல்லை, தட்டுகிறார். நடுவில் நிறுத்தி, கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறார். கண்ணைவிட விரலைத்தான் நம்புகிறார் போலும்.

முறையாகக் கற்க விரும்புகிறவருக்கு ஊரில் இன்னொரு ஆசிரியரும் உண்டு. பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் போன்ற முடிக்காமல் விட்ட பல்லவர் வேலைகள். சுற்றுலாப் பயணி இவற்றைத் தாண்டிப் போய்விடுவார். ஆனால் பாறையைக் கட்டம் கட்டமாக வெட்டி, கட்டத்துக்குள் இருக்கும் கல்லை உடைத்தெடுத்து, மேலிருந்து கீழாக இறங்கிய முறை முழுவதும் அங்கேதான் அப்படியே தெரிகிறது. முடிந்த கோயிலில் ஆசிரியரின் விடைதான் இருக்கும். இங்கே வழிமுறையும் இருக்கிறது.

கணக்குப் பட்டதாரியின் உளி

இந்தக் கல்லூரியை நெடுங்காலம் நடத்தியவர் வைத்தியநாத ஸ்தபதியின் மகன் வை. கணபதி ஸ்தபதி. 1927-இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தார். பழனி தண்டாயுதபாணி கோயிலில் ஸ்தபதியாக இருந்தார். பிறகு மாமல்லபுரத்துக்கு வந்து 27 ஆண்டுகள் கல்லூரித் தலைமையில் இருந்தார். படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழக அங்கீகாரம் வந்தது அவர் காலத்தில்தான். பட்டறையில் கற்றவருக்கும் பட்டம் வாங்கியவருக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பது, அரசு வேலைக்கோ வங்கிக் கடனுக்கோ அலைந்தவருக்குத் தெரியும்.

சென்னை வள்ளுவர் கோட்டத்துக் கல் தேர் அவர் வேலை. கன்னியாகுமரியில் நிற்கும் திருவள்ளுவர் அவர் வேலை. பீடம் 38 அடி, சிலை 95 அடி, சேர்ந்து 133. 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறந்தார்கள். 2004-இல் சுனாமி அலை மோதியபோதும் சிலை அசையவில்லை. அலைக்கு நடுவே பாறை மேல் கல்லடுக்கி 95 அடி மனிதரை நிற்கவைப்பதற்குப் பக்தி போதாது. எடை எங்கே இறங்குகிறது, இடுப்பு வளைந்தால் நடுக்கோடு எங்கே போகிறது என்று கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். 2009-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 2011-இல் காலமானார்.

நம் வீடுகளில் இன்னும் "படிப்பு ஏறாதவனுக்கு ஐடிஐ, அதுவும் இல்லாதவனுக்குக் கைத்தொழில்" என்றுதான் தரம் பிரிக்கிறோம். கணபதி ஸ்தபதியின் வாழ்க்கை அந்த ஏணியையே தலைகீழாக வைக்கிறது. கணக்கு வராதவன் உளி பிடித்தால் நாள் முழுக்க மாக்கல் பிள்ளையார் செய்து ஆட்டோவில் இறங்குகிறவர்களுக்கு விற்கலாம். அதற்கு மேல் போவது சிரமம்.

இன்று கல்லூரி தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். சேரலாம். கல், சுதை, உலோகம், மரம் என்று பிரிந்து சிற்பத்தில் பி.எஃப்.ஏ. படிக்கலாம். மரபு ஓவியமும் உண்டு. பெண்களும் படிக்கிறார்கள். படித்து முடித்தவர்களுக்கு வழிகள் பல. அறநிலையத் துறையில் ஸ்தபதி பணியிடங்கள் இருக்கின்றன. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு குடமுழுக்கு என்பது வழக்கம், எனவே தமிழ்நாட்டில் எந்த மாதமும் எங்கோ ஒரு கோபுரத்துக்குச் சாரம் கட்டியிருப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் சிலைகள் போகின்றன. தமிழர் போன இடமெல்லாம் கோயில் போயிருக்கிறது, கோயில் போன இடமெல்லாம் சிற்பி போயாக வேண்டும். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்ததே, கோபுரத்துச் சுதை உருவங்களைப் புதுப்பித்தவர்கள் இங்கிருந்து விசா வாங்கிப் போனவர்கள்.

இது நமக்கு மட்டுமான கதையும் அல்ல. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்து விழுந்தது. பழைய முறையில் ஓக் மர உத்தரங்களைக் கோடரியால் செதுக்கவும் கல் வேலை செய்யவும் ஆட்கள் பிரான்ஸில் இருந்தார்கள். அங்கே இளைஞர்கள் ஊர் ஊராகப் போய், வெவ்வேறு ஆசிரியர்களிடம் வருடக்கணக்கில் தொழில் கற்கும் பழைய சங்க முறை இன்னும் உயிரோடு இருப்பது அதற்கு ஒரு காரணம். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தபோது உள்ளே நின்ற கைவினைஞர்களுக்கு நாடே கை தட்டியது. நம் ஊர்க் குடமுழுக்கில் மேடையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாதத்துக்கு இடிக்கும் ஓர் உதாரணம்

பள்ளிக்கூடம்தான் எல்லாம் என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இதே கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் என் வாதத்தை மறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுத்து வாழ்ந்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரே சட்டத்தில் தொழில் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை குற்றமாகிவிட்டது. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் சங்கம் பதிவானது. அனுமதி பெற்றுப் பாம்பைப் பிடிக்கலாம், நஞ்சை எடுக்கலாம், பாம்பை மறுபடி காட்டில் விடலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சும் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது.

இந்த வித்தைக்குக் கல்லூரி கிடையாது. மண்ணில் பாம்பு போன தடத்தைப் பார்த்து, எந்த வளையில் இருக்கிறது என்று சொல்வதை யாரும் பாடத்திட்டமாக எழுதவில்லை. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரை 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கே அழைத்தார்கள், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்ட. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

ஆனால் கூர்ந்து பார்த்தால் இங்கேயும் வாழவைத்தது வித்தை மட்டுமல்ல. வித்தை 1972-க்கு முன்பும் இருந்தது. தோல் வியாபாரிதான் விலை சொல்வான். சங்கம் வந்த பிறகு விலைக்கு ஒரு பட்டியல், பதிவேடு, உரிமம் எல்லாம் வந்தன. மாமல்லபுரத்தில் கல்லூரி செய்ததை வடநெம்மேலியில் சங்கம் செய்தது. என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பள்ளிக்கூடமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, வித்தைக்காரனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே நியாயமான ஏதோ ஒன்று நிற்க வேண்டும்.

அந்த 'ஏதோ ஒன்று' எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் அண்மையில் டெல்லியும் சென்னையும் மோதிக்கொண்டன. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், அதில் சிற்பமும் கல் வேலையும் உண்டு. பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன் எல்லாம் நல்லவைதான். ஆனால் விண்ணப்பிப்பவர் குடும்பத்தில் அந்தத் தொழில் பரம்பரையாக நடந்திருக்க வேண்டும், பதினெட்டு வயதானாலே போதும் என்ற நிபந்தனைகளைத் தமிழக அரசு ஏற்கவில்லை. குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று கேட்டது. டெல்லி மசியவில்லை. 2024 நவம்பரில் திட்டத்தை இந்த வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கடிதம் எழுதினார். 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கினார். 25 தொழில்கள், மானியத்தோடு கடன், சாதியும் பரம்பரையும் கேட்பதில்லை, வயது 35-க்கு மேல்.

1953-இன் சண்டைதான் இது. எனக்குத் தமிழக அரசின் நியாயம் புரிகிறது. பதினெட்டு வயதுப் பையனிடம் "அப்பன் தொழிலுக்கு வா, பணம் தருகிறேன்" என்பது தூண்டில்தான். ஆனால் 35 என்ற கோட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாமல்லபுரம் கல்லூரியில் பட்டம் வாங்கி இருபத்திரண்டு வயதில் வெளியே வருகிற, சிற்பிக் குடும்பத்தில் பிறக்காத ஒரு பெண் பட்டறை போட நினைத்தால் இரண்டு திட்டங்களும் அவளுக்கு உதவாது. ஒன்று பரம்பரை கேட்கும், மற்றொன்று இன்னும் பதின்மூன்று வருடம் காத்திரு என்னும்.

கல்லை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் போனால் மறைமலை நகர். ஃபோர்டு தொழிற்சாலை இருந்த ஊர். 2021 செப்டம்பரில் மூடப்போகிறோம் என்றார்கள், 2022-இல் கடைசி கார் வெளியே வந்தது. நல்ல சம்பளம், கேன்டீன், பஸ், எல்லாம் இருந்த வேலை. ஃபிட்டராக, வெல்டராக, மோல்டு பார்ப்பவராக வேலை தெரிந்தவர்கள் வேறு கம்பெனிக்குப் போக முடிந்தது. ஒரே ஸ்டேஷனில் ஒரே போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வெளியே அந்த வேலைக்குப் பெயரே கிடையாது. செங்கல்பட்டு அரசு ஐடிஐயில் சேர்கிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அங்கே மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கிறது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் டிரேடு அப்ரன்டிஸ் எடுக்கிறது. ஒரு வெல்டிங் இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற இடத்தில் ஒரு வருடம் இருந்தவன் கை, பிறகு எந்த ஊருக்கும் போகும்.

இனி தூசு. இந்தத் தொழிலைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. உளி மட்டும் இருந்த காலத்தில் சில்லுதான் அதிகம் பறந்தது. மெஷின் வந்த பிறகு மாவாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிலிக்கா மாவு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வருவது சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. தடுப்பதற்கு வழி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. வெட்டும் இடத்தில் தண்ணீர் சொட்டவிட வேண்டும், கைக்குட்டை கட்டாமல் சரியான முகமூடி போட வேண்டும், பிளேடுக்குப் பின்னால் தூசை உறிஞ்சும் குழாய் வைக்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் நான் பார்த்தது ஈரத் துண்டு, அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்கு. நாள் கூலிக்காரருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. கைவினைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம், ஆனால் அதற்கு ஒரு நாள் கூலியை விட்டு அலைய வேண்டும்.

சி.என்.சி. மெஷினைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அது இரவு முழுக்கச் செதுக்கும். கடைவீதிப் பிள்ளையாரை அது சாப்பிட்டுவிடும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எந்தக் கல்லில் எந்தப் பக்கம் முகம் வர வேண்டும் என்று தட்டிப் பார்த்துச் சொல்கிறவரிடம்தான் மெஷின்காரர் கடைசியில் வந்து நிற்கிறார். தாலமும் தெரிந்து, கம்ப்யூட்டரிலும் வரையத் தெரிந்து, எஸ்டிமேட் போட்டு, அட்வான்ஸ் வாங்கி, நாள் தவறாமல் சிலையை இறக்கத் தெரிந்தவர் இரண்டு பக்கமும் சம்பாதிக்கிறார். எஸ்டிமேட் போடத் தெரியாததால் நல்ல கைக்காரர்கள் கெட்டுப்போனதுதான் இந்தத் தெருவில் அதிகம்.

பிள்ளையைப் பட்டறையில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலாளியிடம் சம்பளம் பேசுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். வெட்டும் மெஷினில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? பையனுக்குப் பாலீஷ் வேலை மட்டும்தானா, எப்போது கோடு போட விடுவார்கள்? உளி தீட்டக் கற்றுத் தருவார்களா, அல்லது தீட்டிய உளியைக் கையில் கொடுத்துவிடுவார்களா? மூன்றுக்கும் பதில் சரியாக வராத பட்டறை என்றால், அதே சாலையில் அடுத்த பட்டறை இருபது அடி தூரத்தில்தான் இருக்கிறது.